லூக்காஸின் வழக்கும் வக்கீலின் பிரசங்கமும்

பிடிக்காத எழுத்தாளர் ஒரு மோசமான நாவல் எழுதினால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு காரியத்தைப் பார்க்கலாம். பிடித்த எழுத்தாளர் ஏமாற்றினால் அப்படிப் போய்விட முடிவதில்லை. எந்த இடத்தில் வழி தவறினார், ஏன் தவறினார் என்று மனம் குடைந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களைப் பற்றி எழுதியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் பாக்னர். அவர் 1948 செப்டம்பரில் வெளியிட்ட ‘இன்ட்ரூடர் இன் தி டஸ்ட்’ என்ற நாவல் அப்படிக் குடைகிற புத்தகம்.

பாக்னர் மிசிசிப்பி மாநிலத்தில் 1897-ல் பிறந்தவர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் அடிமைகளை வைத்திருந்தவர். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் புறப்பட்ட படையில் கர்னல். இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர் தம் வர்க்கத்தின் குட்டை உடைத்தாரே, அதுதான் அவரிடம் நமக்குள்ள மதிப்பு. ‘லைட் இன் ஆகஸ்ட்’ (1932) நாவலில் ஒரு மனிதனை நாயைத் துரத்துவது போலத் துரத்திக் கொல்லும் தேசபக்த வாலிபனை அவர் காட்டியிருக்கிறார். படித்தவர்கள் அவனை மறக்க மாட்டார்கள். ‘கோ டவுன், மோசஸ்’ (1942) இதைவிட ஆழமானது. பண்ணைக்கு வாரிசான ஓர் இளைஞன் பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டுகிறான். மாவு இத்தனை, வெல்லப்பாகு இத்தனை, அடிமை இன்ன விலை என்று எழுதிய வரிகளுக்கு நடுவே, தன் பாட்டன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற மகளையே மறுபடியும் கெடுத்தான் என்ற உண்மை அவனுக்குத் தெரிய வருகிறது. அந்த நிலமே வேண்டாமென்று அவன் கைகழுவுகிறான். சொத்துக்கும் பாவத்துக்கும் உள்ள உறவை ஒரு கடைக் கணக்கில் வைத்துக் காட்டிய எழுத்தாளர்கள் எத்தனை பேர்? அவருடைய வாக்கியம் சில சமயம் பக்கம் பக்கமாக ஓடும். முற்றுப்புள்ளியைத் தேடி நாம் அலைய வேண்டியிருக்கும். இருந்தாலும் அலைந்ததற்குக் கூலி கிடைக்கும்.

1948 நாவலின் நாயகன் லூக்காஸ் பூசாம்ப், ‘கோ டவுன், மோசஸ்’ புத்தகத்திலேயே நமக்கு அறிமுகமானவன்தான். அந்தப் பண்ணையை நிறுவிய வெள்ளைக்காரனின் ரத்தம் அவன் உடம்பில் ஓடுகிறது. பண்ணையின் நட்டநடுவே பத்து ஏக்கர் நிலம் அவனுக்குச் சொந்தம். வயதான கறுப்பு விவசாயி. ஆனால் எந்த வெள்ளையன் முன்னாலும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இளிப்பவன் அல்ல. ஊருக்கு அவன் மேல் உள்ள கோபமெல்லாம் இதுதான்: இவன் ஏன் இன்னும் குனியவில்லை?

சார்லஸ் மாலிசன் என்ற வெள்ளைச் சிறுவன் பன்னிரண்டு வயதில் பனிக்காலத்து ஓடையில் விழுந்து நனைகிறான். லூக்காஸ் அவனைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், துணியை உலர்த்தி, தனக்கென்று வைத்திருந்த சாப்பாட்டைப் போடுகிறான். கிளம்பும்போது சிறுவன் கையிலிருந்த எழுபது சென்டை நீட்டுகிறான். விருந்துக்குக் கூலியா? லூக்காஸ் தொடவில்லை. அவமானம் தாங்காத சிறுவன் காசைத் தரையில் கொட்ட, கூட இருந்த பையன்களைக் கொண்டு லூக்காஸ் அதைப் பொறுக்க வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அந்த எழுபது சென்ட் கடன் நான்கு வருஷம் சிறுவனின் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. வெள்ளையனுக்கும் கறுப்பனுக்கும் நடுவே இருக்கும் சுவரை இத்தனை சிறிய சம்பவத்தில் காட்ட ஒரு மேதையால்தான் முடியும். முதல் அத்தியாயத்தைப் படித்து முடித்ததும், பாக்னர் தம் சிகரத்தைத் தொடப் போகிறார் என்றே நினைத்தேன்.

பிறகு கொலை. மலைக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த கௌரி குடும்பத்து வின்சன் முதுகில் சுடப்பட்டுக் கிடக்கிறான். பக்கத்தில் லூக்காஸ், கையில் துப்பாக்கி. ஷெரீப் அவனைச் சிறையில் அடைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கும்பல் ஒருநாள் பொறுத்திருக்கிறது. அன்றிரவு கழிந்தால் சிறையை உடைத்து லூக்காஸை எரித்துவிடுவார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். லூக்காஸுக்கு வக்கீலாக வருகிறார் சிறுவனின் தாய்மாமன் கேவின் ஸ்டீவன்ஸ். படித்தவர், நல்லவர், கறுப்பர்களிடம் அனுதாபம் உள்ளவர் என்று பெயர். இந்த நல்லவர் கட்சிக்காரனை ஒரு வார்த்தை பேச விட்டாரா? இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்; வழக்கை வேறு ஊருக்கு மாற்றுகிறேன்; வயதானவன் என்று தூக்கிலிருந்து தப்ப வைக்கிறேன் என்கிறார். அவன் சுட்டிருக்க மாட்டான் என்ற எண்ணமே அவர் மண்டையில் உதிக்கவில்லை.

ஆகவே லூக்காஸ் வக்கீலை விட்டுவிட்டுச் சிறுவனிடம் சொல்கிறான்: போய்ப் புதைகுழியைத் தோண்டிப் பார், குண்டு என் துப்பாக்கியுடையது அல்ல. பதினாறு வயதுச் சிறுவன், அவனோடு வளர்ந்த கறுப்புப் பையன் அலெக் சாண்டர், எழுபது வயதை நெருங்கிய மிஸ் ஹேபர்ஷாம் ஆகிய மூவரும் நள்ளிரவில் மலைக்குப் போய்த் தோண்டுகிறார்கள். அந்த மூதாட்டி ஊரின் மிகப் பழைய குடும்பம். இப்போது காய்கறியும் கோழியும் விற்றுப் பிழைக்கிறார். குழியில் கிடப்பது வேறொருவன் பிணம்! அங்கிருந்து முடிச்சு அவிழ்கிறது. வின்சனைக் கொன்றவன் அவனுடைய அண்ணன் கிராபோர்டுதான். கூட்டு வியாபாரத்தில் போட்ட மரப்பலகைகளை ராத்திரியில் திருடி விற்று வந்தவன் அவன். லூக்காஸ் அதைப் பார்த்துவிட்டான்.

காசுக்காக அண்ணன் தம்பியைக் கொல்கிறான். அந்தப் பழியைச் சுமக்க ஒரு கறுப்பன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறான். நிற வெறி என்ற தயாரான பெட்ரோல் ஊரெங்கும் இருக்கிறது. கும்பல் கொலையின் பொருளாதாரத்தை இதைவிடத் தெளிவாக எந்தத் துண்டுப் பிரசுரமும் சொல்லாது. உண்மை வெளிப்பட்டதும் சதுக்கத்தில் கூடியிருந்த கூட்டம் மன்னிப்புக் கேட்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. மோட்டார் வண்டிகளில் ஏறித் தலைதெறிக்க ஓடுகிறது. அற்புதமான காட்சி.

இந்த இடத்தில் வக்கீல் வாயைத் திறக்கிறார்.

திறந்த வாயை மூடுவதில்லை. பக்கம் பக்கமாகப் பிரசங்கம். சாராம்சம் இதுதான்: கறுப்பனுக்குச் செய்த அநீதி எங்களுடையது, அதைத் தீர்க்க வேண்டியவர்களும் நாங்களே. வடக்கத்தியர்கள் சட்டம் போட்டும் போலீஸை அனுப்பியும் தலையிடாதீர்கள். தலையிட்டால் நாங்கள் எல்லோரும் ஒன்றாகத் திரண்டு எதிர்ப்போம். எங்களைத் தனியே விடுங்கள். ஒருநாள் நாங்களே அவனுக்கு விடுதலை தருவோம். அதுவரை அவன் பொறுத்திருக்கட்டும். பொறுமைதான் அவனுக்குக் கைவந்த குணமாயிற்றே! இப்படிப் பேசும்போது லட்சோபலட்சம் கறுப்பு மக்கள் அனைவரையும் ‘சாம்போ’ என்ற ஒரே பரிகாசப் பெயரால் அழைக்கிறார் இந்த நல்லவர். தன் கட்சிக்காரன் நிரபராதி என்பதைக் கூடக் கண்டுகொள்ள முடியாத மனிதருக்கு ஓர் இனத்தின் எதிர்காலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல என்ன யோக்கியதை? நாவலில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய பாக்னரும் கேட்கவில்லை.

அந்தப் பிரசங்கத்தில் ‘நாங்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தென்மாநில வெள்ளையர் அனைவரும் ஒரே மாதிரியான, ஒன்றுபட்ட ஜனங்கள் என்கிறார் ஸ்டீவன்ஸ். பருத்திப் பண்ணை முதலாளியும், பாங்குக்காரரும், கல்லும் கரடுமான நிலத்தில் வயிற்றைக் கழுவும் மலைவாசியும் ஒன்றாம்! இதே நாவலில் கௌரி குடும்பத்தாரை நகரத்துக் கனவான்கள் எத்தனை இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்பதைப் பாக்னரே எழுதியிருக்கிறார். கதாசிரியருக்குத் தெரிந்த வர்க்க பேதம் பிரசங்கிக்கு மறந்துபோகிறது.

வக்கீல் வேறு, ஆசிரியர் வேறு என்று இலக்கிய ரசிகர்கள் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம்தான். ஸ்டீவன்ஸ் எனக்காகப் பேசவில்லை, தெற்கின் சிறந்த மிதவாதிகளுக்காகப் பேசுகிறார் என்று மால்கம் கௌலி என்ற விமர்சகரிடம் பாக்னரே சொல்லியிருக்கிறார். ஆனால் நாவல் வெளிவந்த வருஷத்தைப் பாருங்கள். 1947-ல் ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த குழு சிவில் உரிமைகள் பற்றி அறிக்கை தந்தது. 1948 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாடு அந்த உரிமைகளை ஆதரித்துத் தீர்மானம் போட்டதும் மிசிசிப்பி பிரதிநிதிகள் எழுந்து வெளியே நடந்தார்கள். ஸ்ட்ரோம் தர்மண்ட் தலைமையில் தனிக் கட்சி கட்டினார்கள். நவம்பர் தேர்தலில் நான்கு தென்மாநிலங்களை அது பிடித்தது. மாநில உரிமை என்பதே அவர்களுடைய கோஷம். அந்த ஜூலைக்கும் நவம்பருக்கும் நடுவே வெளியான புத்தகம் இது. எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர், கம்யூனிஸ்ட் அல்லாதவர், அதே அக்டோபரில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் இது சிவில் உரிமைத் திட்டத்துக்குப் பாக்னர் தரும் பதில் என்றே எழுதினார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சமாதானம் சொல்லலாமா? பின்னால் நடந்தவை அதற்கு இடம் தரவில்லை. வில்லி மெக்கீ என்ற கறுப்புத் தொழிலாளி, வெள்ளைப் பெண்ணைக் கற்பழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, முதல் விசாரணையில் ஜூரிகள் மூன்று நிமிஷம் கூட யோசிக்காமல் மரண தண்டனைக்கு அனுப்பப்பட்டவர். சிவில் உரிமைக் காங்கிரஸ் அவரைக் காப்பாற்ற உலகெங்கும் இயக்கம் நடத்தியது. 1951-ல் அதன் பெண்கள் பாக்னர் வீட்டுக்கே வந்து ஆதரவு கேட்டார்கள். மெக்கீயைக் கொல்லக் கூடாது என்று அவர் சொன்னார், வாஸ்தவம். காரணம் என்ன தெரியுமா? கொன்றால் அவர் தியாகியாகிவிடுவார், என் மாநிலத்துக்குக் கெட்ட பெயர் நீண்ட நாள் நிற்கும் என்பது! வந்த பெண்களையோ யாரோ ஆட்டுவிக்கும் கருவிகள் என்றார். அந்த வருஷம் மே 8-ம் தேதி மெக்கீ மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்.

பாக்னருக்குச் சேர வேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். 1955-ல் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் கூடாது என்று பத்திரிகைகளுக்கு எழுதினார். உள்ளூரில் வசவும் மிரட்டலும் வாங்கினார். சொந்தக் குடும்பத்திலேயே பகை வந்தது. கோழையாக இருந்திருந்தால் அவரைப் பற்றி இத்தனை எழுத அவசியமில்லை. ஆனால் 1956 மார்ச்சில் ‘லைப்’ பத்திரிகையில் வடக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வக்கீல் ஸ்டீவன்ஸ் சொன்னதையே தம் சொந்தப் பெயரில் சொன்னார்: மெதுவாகப் போங்கள், கொஞ்சம் நிறுத்துங்கள். மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பு மக்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்து மைல் கணக்காக நடந்துகொண்டிருந்த நேரம் அது! அந்த மாதங்களில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், சண்டை மூண்டால் தெருவில் இறங்கிக் கறுப்பர்களைச் சுட நேர்ந்தாலும் மிசிசிப்பியின் பக்கமே நிற்பேன் என்று சொன்னதாக வெளிவந்தது. அப்படிச் சொல்லவில்லை என்று பிறகு மறுத்தார். டில் கொலையாளிகளை விடுதலை செய்த கோர்ட்டின் படிக்கட்டிலேயே விவாதிக்கலாம் வாருங்கள் என்று டு பாய்ஸ் சவால் விட்டார். பாக்னர் வர மறுத்தார். ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிய பதில்தான் நறுக்கென்று இருந்தது: இவர் கேட்கிற அவகாசம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார் அவர்.

பால்ட்வினைத் தேடிப் போக வேண்டியதில்லை. பாக்னருடைய கதையே அந்தப் பதிலைச் சொல்கிறது. என் ஏமாற்றத்தின் மையம் இதுதான். லூக்காஸ் எப்படிப் பிழைத்தான்? வக்கீல் சொன்னபடி பொறுத்திருந்ததாலா? ஞாயிறு இரவே, திங்கள் விடியுமுன், யாரிடமும் அனுமதி கேட்காமல் மூன்று பேர் மண்வெட்டியோடு போனதால் பிழைத்தான். மெதுவாகப் போயிருந்தால் சாம்பல்தான் மிஞ்சியிருக்கும். அது மட்டுமல்ல, சிறை வாசலில் கிழிந்த துணிகளைத் தைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்த மூதாட்டியும், இருட்டில் பிறர் கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்த அலெக் சாண்டரும் இல்லாமல் காரியம் நடந்திருக்காது. கதை ‘இன்றே’ என்கிறது. பிரசங்கம் ‘நாளை’ என்கிறது. கலைஞன் கட்டியதைக் கனவான் இடிக்கிறான்.

இன்னொரு குறை. தோண்டியவர்களில் ஒருவன் அலெக் சாண்டர். பிடிபட்டால் வெள்ளைச் சிறுவனுக்கு வசவு கிடைக்கும்; இவனுக்கு உயிர் போகும். இருந்தும் அவன் மனதில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியே இல்லை. நாவலின் பிற்பகுதியில் லூக்காஸும் ஓரத்துக்குப் போய்விடுகிறான். கடைசிப் பக்கங்களில்தான் திரும்பி வருகிறான், வக்கீல் பீஸ் கொடுக்க. ஸ்டீவன்ஸ் வேண்டாமென்று பெரிய மனது பண்ணுகிறார். லூக்காஸ் விடுவதாயில்லை. இரண்டு டாலரை மேஜை மேல் எண்ணி வைக்கிறான். அதில் ஐம்பது, ஒற்றைச் சென்ட் காசுகள். வைத்துவிட்டுப் போகாமல் நிற்கிறான். என்ன வேண்டும் என்றால், ரசீது கேட்கிறான்! தயவு வேண்டாம், கணக்கு நேராகட்டும் என்கிற அந்த மனிதனை எழுதிய கைதான் அந்தப் பிரசங்கத்தையும் எழுதியது.

‘எங்களைத் தனியே விட்டால் நாங்களே திருத்திக்கொள்வோம்’ என்ற வாக்குறுதிக்கு மிசிசிப்பியின் சரித்திரம் என்ன சாட்சி சொல்கிறது? பாக்னர் வாழ்ந்த ஊர் ஆக்ஸ்போர்டு. 1908 செப்டம்பரில் நெல்ஸ் பாட்டன் என்ற கறுப்பரை அவ்வூர்ச் சிறையிலேயே ஒரு கும்பல் சுட்டுக் கொன்று, பிணத்தைச் சதுக்கத்தில் தொங்கவிட்டது. கும்பலை ஏவியவர் முன்னாள் செனட்டர் ஒருவர். அதைப் பெருமையாகப் பத்திரிகைகளிடம் சொல்லவும் செய்தார். பாக்னருக்கு அப்போது பதினோரு வயது நிரம்பும் சமயம். 1935 செப்டம்பரில் எல்வுட் ஹிகின்பாதம் என்ற குத்தகை விவசாயியின் வழக்கு அதே ஊரில் நடந்தது. ஜூரிகள் கூடி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கும்பல் அவரைச் சிறையிலிருந்து இழுத்துப் போய்த் தூக்கிலிட்டது. மிசிசிப்பியில் 1882 முதல் 1968 வரை இப்படிக் கொல்லப்பட்ட கறுப்பர்கள் 539 பேர் என்று டஸ்கீகி கலாசாலை எடுத்த கணக்கு சொல்கிறது. கும்பல் கொலையைத் தடுக்கும் மசோதா 1922, 1937, 1940 ஆகிய ஆண்டுகளில் கீழ்ச் சபையில் நிறைவேறியும், தென்மாநில செனட்டர்கள் அதைச் சட்டமாக விடவில்லை. அந்தச் சட்டம் வந்தது 2022 மார்ச்சில்! எம்மெட் டில் பெயரைத் தாங்கி வந்தது.

நாவலைப் படமெடுக்க மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் கம்பெனி 1949-ல் ஆக்ஸ்போர்டுக்கே வந்தது. ஊர் ஜனங்கள்தான் கும்பலாக நடித்தார்கள். ஒத்திகை அதிகம் தேவைப்பட்டிருக்காது. லூக்காஸாக நடித்த ஹுவானோ ஹெர்னாண்டஸ், ஊரில் ஒரு கறுப்பர் குடும்பத்தோடு தங்க வேண்டியிருந்தது.

பாக்னர் 1962 ஜூலை 6-ல் இறந்தார். மூன்று மாதம் கூட ஆகவில்லை. ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பு மாணவர், கோர்ட் உத்தரவோடு, அதே ஆக்ஸ்போர்டில் உள்ள மிசிசிப்பி சர்வகலாசாலையில் சேர வந்தார். செப்டம்பர் 30 இரவு பெரும் கலவரம். இரண்டு பேர் மாண்டார்கள். மத்திய சர்க்கார் ஆயிரக்கணக்கில் ராணுவத்தை இறக்கிய பிறகுதான் ஒரு மாணவர் வகுப்பில் உட்கார முடிந்தது. அந்த இரவு மத்திய சர்க்காரின் ஆணைப்படி கும்பலை எதிர்த்து நின்ற உள்ளூர்க் காவற்படைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் பாக்னரின் தம்பி மகன். செங்கல் அடிபட்டு அவர் கை முறிந்தது.

ஓட்டுரிமைக் கதையும் இதுவே. மிசிசிப்பியில் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் நூற்றுக்கு 6.7 பேர். 1965-ல் மத்திய ஓட்டுரிமைச் சட்டம் வந்தது; வெளியிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள்; 1967-ல் அது 59.8 ஆயிற்று. அடிமை முறை ஒழிந்து நூறு வருஷம் ‘நாங்களே’ செய்யாததை இரண்டு வருஷத்தில் ‘அந்நியர்’ செய்தார்கள். பழைய குற்றவாளி மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் வாஷிங்டனிடம் அனுமதி பெற வேண்டும் என்ற ஏற்பாடு அந்தச் சட்டத்தில் இருந்தது. 2013 ஜூன் 25-ல் சுப்ரீம் கோர்ட், காலம் மாறிவிட்டது என்று சொல்லி, அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்தது. வக்கீல் ஸ்டீவன்ஸ் கேட்டதுதான் கிடைத்தது. தீர்ப்பு வந்த அதே நாளில், முன்பு தடுத்து வைக்கப்பட்டிருந்த வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை உடனே அமலுக்குக் கொண்டுவருவதாக டெக்சாஸ் மாநிலம் அறிவித்தது.